சர்வீஸ் பிரேக்

2024 குடியரசு நாள் அணிவகுப்பில் தமிழ்நாட்டின் ஊர்தி உத்திரமேரூரின் குடவோலை முறையைச் சுமந்துகொண்டு தில்லிக் கடமைப் பாதையில் ஊர்ந்து போனது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2020 டிசம்பரில், புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைத்தான் எடுத்துப் பேசினார். இந்தி, நீட், ஆளுநர், நிதிப் பங்கீடு என்று எதிலும் ஒத்துப்போகாத இரண்டு அரசுகள் ஆயிரத்து நூறு ஆண்டுப் பழைய ஒரு கல்லின்மீது கைகுலுக்கிக்கொள்கின்றன. உலகின் மூத்த ஜனநாயகம் எது என்று கேட்டால் இரண்டும் அந்தக் கல்லைத்தான் காட்டும். இந்த ஒற்றுமை எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. எல்லோருக்கும் பிடித்த கல்வெட்டை யாரும் முழுதாக வாசிப்பதில்லை.

லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடையை முடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இந்த விவாதம் அவ்வப்போது எழும்.

"கிரீஸ்னு சொல்றதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதின ஹிஸ்டரி சார். நம்ம ஆளு கல்லுலயே வெட்டி வெச்சிருக்கான்."

"நம்மது கி.பி. சார். ஏதென்ஸ் கி.மு."

"கி.மு.ன்னா வைசாலி இருக்கே, லிச்சவிங்க?"

"அதெல்லாம் எங்க சார் இப்ப இருக்கு? ஐஸ்லாந்து பாருங்க. 930ல ஆரம்பிச்சது. இன்னிக்கும் அதே பேர்ல பார்லிமென்ட் நடக்குது."

"930ஆ? நம்மது 919. பதினோரு வருஷம் சீனியர்!"

சொன்னவர் முகத்தில் ஒரு நிறைவு. வாழ்நாள் முழுக்க சீனியாரிட்டி பட்டியலைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பதினோரு வருஷம் லேசுப்பட்ட விஷயமில்லை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் யார் காலையில் கையெழுத்திட்டார், யார் மதியம் கையெழுத்திட்டார் என்பதற்காக நீதிமன்றம் வரை போன நாடு இது. ஆனால் அதே பட்டியலில் இன்னொரு விதியும் உண்டு, அந்தப் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும். நடுவில் சர்வீஸ் பிரேக் விழுந்தால் பழைய ஆண்டுகள் கணக்கில் வராமல் போகலாம். சேர்ந்த தேதியை வைத்து மட்டும் யாருக்கும் பென்ஷன் போடுவதில்லை.

நாடுகளின் சர்வீஸ் புத்தகத்தை அப்படிப் புரட்டிப் பார்த்தால் சுத்தமான புத்தகம் ஒன்றும் கிடைப்பதில்லை. ஏதென்ஸில் கிளைஸ்தனிஸின் சீர்திருத்தம் கி.மு. 508. பெண்களும் அடிமைகளும் வந்தேறிகளும் அங்கே மன்றத்துக்கு வெளியே நின்றார்கள். இரண்டு நூற்றாண்டுகூட ஆவதற்குள் மக்கெதோனியர் வந்து அதை முடித்துவைத்தார்கள். ஐஸ்லாந்தின் ஆல்திங் 930இல் திங்வெட்லிர் சமவெளியில் கூடத் தொடங்கியது உண்மைதான். 13ஆம் நூற்றாண்டில் தீவு நார்வே அரசனுக்குக் கீழே போனது. 1800இல் மன்றத்தையே கலைத்துவிட்டார்கள். 1845இல் ரெய்க்யாவிக்கில் அது மறுபடி கூடியது. ஐரிஷ் கடலில் இருக்கும் மான் தீவு, தன் டின்வால்டு மன்றம் ஒருநாளும் நின்றதில்லை என்று சொல்லி 1979இல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. அமெரிக்காவின் எழுதப்பட்ட அரசமைப்பு 1788இல் ஏற்கப்பட்டது. தென்மாநிலங்களின் கறுப்பினத்தவர் அச்சமில்லாமல் வாக்களிக்க 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. கிராமம் கிராமமாகக் கைதூக்கி வாக்களித்துப் பழகிய சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குக் கிடைத்தது 1971இல்; அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலம் தன் பெண்களை உள்ளே விட 1990 ஆயிற்று, அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான்.

ஆக, தொடங்கிய தேதியைப் பார்த்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. விட்டுப்போகாமல் நடந்ததா என்று பார்த்தால் வேறொரு வரிசை. எல்லோரும் உள்ளே வந்தது எப்போது என்று கேட்டால் முற்றிலும் வேறு. அந்த வரிசையின் தலையில் 1893இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த நியூசிலாந்து வந்து நிற்கும். பூங்காப் பெஞ்சு முதல் வரிசையைத் தாண்டிப் போவதில்லை. பிரதமர்களும் முதல்வர்களும் தாண்டுவதில்லை.

*

உத்திரமேரூர் சென்னையிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். வைகுண்டப் பெருமாள் கோயிலின் கருங்கல் சுவரில் தமிழும் கிரந்தமுமாக எழுத்து ஓடுகிறது. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள்தான் நம் விவாதத்தின் மூலம். இரண்டு ஆண்டு இடைவெளியில் ஏன் இரண்டு என்று கேட்டால் சுவாரசியமான விடை வரும்: விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். முதலாவதில் வாரியத்துக்கு வருபவரின் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறிவிட்டது. ஏதோ சரிப்படவில்லை, உட்கார்ந்து பேசி மாற்றிக்கொண்டார்கள். உத்திரமேரூரில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தாம் எழுதிய விதியைத் தாமே திருத்தலாம் என்று நினைத்த ஒரு சபை அங்கே இருந்திருக்கிறது.

முறை இப்படி. ஊரில் முப்பது குடும்பு, அதாவது பிரிவு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலைத் துண்டில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, வாயோலை வைத்துக் குடத்தில் இடவேண்டும். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடிய சபையில், கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்திருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்க மேலே தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கும். அவன் வாசிப்பான். அதே ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாங்கி வாசிப்பார்கள். அப்புறம்தான் பெயர் எழுதப்படும்.

சந்தேகப்படத் தெரிந்தவர்கள் எழுதிய விதி இது. ஏமாற்று எப்படியெல்லாம் நடக்கும் என்று அனுபவித்து அறிந்தவர்களுக்குத்தான் விரலை விரிக்கச் சொல்லத் தோன்றும். ஆனால் இந்த வருணனையில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். இது சீட்டுக் குலுக்கல். பிரசாரம் கிடையாது, கட்சி கிடையாது, வீட்டுக்கு வீடு கவர் கிடையாது. ஏதென்ஸிலும் பெரும்பாலான பதவிகளைக் குலுக்கல்தான் நிரப்பியது. தேர்தல் செல்வந்தர்களின் ஆட்சிக்கு உரியது, குலுக்கலே ஜனநாயகத்துக்கு உரியது என்பது அரிஸ்டாட்டிலின் பகுப்பு. அப்படிப் பார்த்தால் குடவோலையின் பேரப்பிள்ளை என்று நம் வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சொல்வதற்கில்லை. தமிழில் இந்த முறைக்குக் கிடைக்கும் பழைய சான்று சங்கப் பாடல் ஒன்றில், அகநானூறு 77இல், உவமையாக வருகிறது: போர்க்களத்தில் விழுந்தவர்களின் குடலைப் பறவைகள் இழுப்பது, முத்திரையிட்ட குடத்திலிருந்து ஓலையை எடுப்பதுபோல் இருந்ததாம். பெருமை பேசும் மேடைகளில் இந்த உவமையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

யாருக்கு வாரியத்தில் இடமில்லை என்ற பட்டியல்தான் கல்வெட்டின் உயிர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு இடமில்லை. அவனுடைய தகப்பனுக்கும் மகனுக்கும் இல்லை. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன், மாமனார், மருமகன், தங்கையைக் கட்டியவன், மனைவியின் தங்கையைக் கட்டியவன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு உறவு நீள்கிறது. அத்தனை பேருக்கும் இல்லை. பிறர் பொருளைக் கவர்ந்தவன், கழுதைமேல் ஏற்றப்பட்டவன், பொய்யோலை எழுதியவன் யாருக்கும் இல்லை. முந்தைய மூன்றாண்டில் வாரியம் செய்தவனுக்கும் இல்லை. இந்த ஒரு பத்தியை இன்றைய தேர்தல் சட்டத்தில் சேர்த்தால் எத்தனை சட்டமன்றத் தொகுதிகளில் வேட்புமனுவே இருக்காது என்று நினைத்துப் பார்க்கலாம். குடவோலையை ஊர்தியில் ஏற்றியவர்களும் நாடாளுமன்ற அடிக்கல் விழாவில் சொன்னவர்களும் இந்தப் பத்தியை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டார்கள்.

தெரிந்தெடுத்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். வைரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு ஆள். ஒரு ஊர் தன் தண்ணீரை யார் பொறுப்பில் விடுவது என்பதைக் கூடிப் பேசி முடிவெடுத்தது, சிறிய காரியமில்லை.

இதுவரை வாசித்தவர்கள் பெருமைப்படலாம். இனி வாசிக்கவேண்டியது தகுதிப் பட்டியல். வரிசெலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். தன் மனையில் தானே கட்டிய வீடு வேண்டும். வேதம் ஓதி அறிந்திருக்கவேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்ல வல்லவனானால் நிலம் அரைக்கால் வேலி போதும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட ஊர். அந்தக் குடத்துக்குள் விழுந்த ஓலைகளில் ஒரு பெண்ணின் பெயர் இல்லை. உழுதவர் பெயர் இல்லை. ஏரிக்கரையைக் கட்டிய, மடையைத் திறந்த, மண் சுமந்த யாருடைய பெயரும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குள் வந்த ராஜராஜனின் கல்வெட்டுகள் தீண்டாச்சேரி என்று ஒரு குடியிருப்பைப் பதிவுசெய்கின்றன. சபை கூடிய அந்தக் காலத்துத் தமிழ்நிலத்தின் வரைபடத்தில் அதுவும் உண்டு. போதாததற்கு, 919இன் தீர்மானத்தை எடுக்கும்போது அரசனின் அதிகாரி தத்தனூர் மூவேந்தவேளான் ஆணையோடு வந்து சபையில் உட்கார்ந்திருந்தார்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஏதென்ஸில் மட்டும் அடிமைகள் வாக்களித்தார்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏதென்ஸுக்கு ஒரு கணக்கு, உத்திரமேரூருக்கு ஒரு கணக்கு வைக்கமுடியாது. இரண்டு கணக்கிலும் ஓட்டை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். இன்னொரு பக்கம், சாதி ஊர்ச் சபை, அதில் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் அந்த விரித்த ஐந்து விரல்களைப் பார்க்கத் தவறுகிறார்கள். குடத்துக்கு வெளியே பெரும் ஊர் நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்காணிக்க அருமையான வழி கண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன.

*

குடம் அகலமானது எப்போது என்று தேட உத்திரமேரூருக்குப் போகவேண்டாம். தியாகராய நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் போதும்.

அந்தப் பேட்டையின் தெருப்பெயர்கள் ஒரு தேர்தலின் வேட்பாளர் பட்டியல் மாதிரி இருக்கும். 1919 சீர்திருத்தத்துக்குப் பின் 1920 நவம்பரில் மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் முதன்மை அமைச்சர் பதவியை ஏற்க மறுத்தார், அவர் பெயரில் நகர். இரண்டாவதாக அந்தப் பதவிக்கு வந்தவர் பனகல் அரசர், அவர் பெயரில் பூங்கா. கட்சியைத் தொடங்கியவர்களில் நடேசனாருக்கு ஒரு பூங்கா, டாக்டர் நாயருக்கு ஒரு சாலை. அமைச்சரவையின் காலத்து முகமது உஸ்மான் பெயரிலான சாலையில்தான் ரங்கநாதன் தெருவிலிருந்து பிதுங்கி வரும் கூட்டம் நடக்கிறது. அந்த முதல் தேர்தலில் வாக்கு யாருக்கு? நான்கு கோடிப் பேர் வாழ்ந்த மாகாணத்தில் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு. சொத்தும் வரியும்தான் அளவுகோல். பராந்தகன் காலத்துக் கால் வேலி, ஆயிரம் ஆண்டு கழிந்தும், இங்கிலீஷில் எழுதிய சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தியாகராய நகர் எழுந்தது மாம்பலம் ஏரியின் மேல். உத்திரமேரூரில் ஏரியைக் காக்க ஆறு பேரைக் குலுக்கி எடுத்தார்கள். மக்கள் வாக்களித்து வந்த முதல் ஆட்சியின் காலத்தில், 1920களில், இங்கே ஓர் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். வாக்குரிமை வந்தால் நல்ல முடிவு தானாக வரும் என்று யாரும் உத்தரவாதம் தந்ததில்லை. மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும்போது அந்த ஏரி தன் பழைய முகவரிக்கு வந்துபோகிறது.

அடையாறுக்குப் போனால் அடுத்த வாசல். 1917இல் அங்கேதான் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் முதலியோர் முன்நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியச் செயலர் மாண்டேகு மெட்ராஸ் வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூது போய் வாக்குரிமை கேட்டார்கள். லண்டன் நேராகக் கொடுக்கவில்லை, மாகாண மன்றங்களே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிட்டது. 1921 ஏப்ரல் 1 அன்று மெட்ராஸ் மன்றம், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக, பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது. சொத்துத் தகுதி இருந்ததால் வாக்குப் பெற்ற பெண்கள் சொற்பம். ஆனாலும் தடை போயிற்று. 1926இல் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக மன்றத்துக்குள் வந்தார், துணைத் தலைவரும் ஆனார். பின்னாளில் அவருடைய அவ்வை இல்லம் அடையாறில் வேர்விட்டது.

மூன்றாவது வாசல் மயிலாப்பூர். அரசமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் அங்கே வாழ்ந்தவர். சொத்தும் கல்வியும் உள்ளவர்களின் வழக்குகளை வாழ்நாளெல்லாம் நடத்திய வக்கீல், எழுதப்படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்கு வயது ஒன்றையே தகுதியாக வைத்து வாக்குக் கொடுத்ததை அரசியல் நிர்ணய சபையில் ஆதரித்துப் பேசினார். சாமானியன் மேல் வைத்த நம்பிக்கை என்று அதற்குக் காரணம் சொன்னார். 1951-52 தேர்தலில் பதினேழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் இருந்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் பதிந்து சொந்தப் பெயரைச் சொல்லாத ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்கவேண்டி வந்தது. வாசல் திறந்த அன்றும் வாசற்படியில் ஆள் நின்றார்கள்.

இந்த மூன்று பேட்டைகளும் பஸ்ஸில் அரைமணி நேரத்துக்குள். கால் வேலியை எடுத்தெறிந்த வரலாறு இங்கே தெருப்பலகைகளில் கிடக்கிறது. அதைக் காட்டிப் பெருமைப்பட்டு நான் யாரையும் பார்த்ததில்லை. நூறு ஆண்டு என்பது நம் காதில் பழமையாக விழுவதில்லை.

*

பழமை வேண்டுமென்றால் சென்னைக்கு இன்னொரு பட்டம் இருக்கிறது: நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி. 1687 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி சாசனம் எழுத, 1688 செப்டம்பர் 29 அன்று மேயரும் பன்னிரண்டு ஆல்டர்மென்களும் பதவியேற்றார்கள். அவர்களில் மூன்று இந்துக்களும் உண்டு. நோக்கம் எளிமையானது: ஊர்க்காரர்களையே உட்காரவைத்து வரிபோட்டால் முணுமுணுப்பு குறையும். அதை ஜனநாயகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனாலும் தொடக்கம்.

அந்தப் பழம்பெரும் மாநகராட்சியின் சர்வீஸ் புத்தகத்தில் 1973 டிசம்பர் 1 என்று ஒரு பக்கம் உண்டு. மஸ்டர் ரோல் ஊழல் குற்றச்சாட்டை அடுத்து மாநில அரசு மன்றத்தைக் கலைத்தது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில். நடுவில் கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆளுநர் ஆட்சிகள், நெருக்கடி நிலை எல்லாம் வந்துபோயின. 1986இல் நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தபோதும் சென்னைக்கு நடக்கவில்லை. இருபத்துமூன்று ஆண்டு, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் நகரத்தைச் சிறப்பு அதிகாரி நிர்வகித்தார். 1953இல் மாம்பலத்தில் பிறந்த ஒருவர் வாக்களிக்கும் வயதை எட்டியபோது கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. தன் முதல் கவுன்சிலர் ஓட்டை அவர் 43ஆம் வயதில் போட்டிருப்பார்.

இதில் என்னைக் குடைவது என்னவென்றால், யாரும் பெரிதாகக் கத்தவில்லை. குப்பை அள்ளினார்கள், தண்ணீர் லாரி வந்தது, சொத்துவரி ரசீது வந்தது. உத்திரமேரூர் பற்றி அந்த ஆண்டுகளிலும் பள்ளிக்கூடங்களில் பாடம் நடந்தது. பிள்ளைகள் குடும்பு முப்பது, சம்வத்சர வாரியம் பன்னிரண்டு என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்தார்கள். அவர்கள் வாழ்ந்த தெருவுக்குப் பிரதிநிதி இல்லை என்பது பாடத்தில் வரவில்லை.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், ஐந்தாண்டு முடிவதற்குள் நகர்ப்புறத் தேர்தல் நடத்தியாகவேண்டும் என்று அரசமைப்பிலேயே எழுதியது. அப்புறமும் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபோது அடுத்த மன்றம் இல்லை. வழக்கு, வார்டு மறுவரையறை, பெருந்தொற்று என்று காரணங்கள் அடுக்கடுக்காக வந்து, 2022 பிப்ரவரியில்தான் வாக்குப்பதிவு. ஐந்தாண்டுக்கு மேல் இன்னொரு பிரேக். 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. மேயராக வந்த பிரியா, இந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். தீண்டாச்சேரியிலிருந்து ரிப்பன் கட்டடம் வரை வந்த தூரம் இது என்று சொல்லலாம். அந்தத் தேர்தலில் சென்னையில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர்கூட இல்லை என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

அதற்குப் பிறகு வார்டுகளில் ஏரியா சபை கூடத் தொடங்கியது. அடையாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வார்டில் நடந்ததைப் போய்ப் பார்த்தேன். சின்ன ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். பூக்கூடையை அருகில் வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா எழுந்தார்.

"ஏம்மா, எங்க தெருக் கோடியில ஒரு லைட்டு போட்டுக் குடு. ராத்திரியில பொண்ணுங்க வருதுங்க."

கவுன்சிலரும் பெண், அவர் மகள் வயது. "சொல்லுங்கம்மா, எந்தத் தெரு?" பக்கத்திலிருந்த ஊழியர் நோட்டில் எழுதினார்.

"எழுதிட்டியா? என்ன எழுதினேன்னு படிச்சுக் காட்டு."

ஊழியர் சிரித்துக்கொண்டே படித்தார். அந்த அம்மா தெருப்பெயரில் ஒரு திருத்தம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஓலையை எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கச் சொன்ன சபைக்கு இவர் எந்த வகையிலும் வாரிசில்லை. அந்தச் சபை இவரை உள்ளே விட்டிருக்காது. ஆனால் அவர்கள் கண்டுபிடித்ததை இவரும் தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

*

முதலில் வந்தவர்கள் என்ற பெருமை ஒரு சமூகத்தை எதிலிருந்தும் காப்பாற்றுவதில்லை என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் நம் கண்ணெதிரே ஒரு சான்று உண்டு. ஆசியாவின் பழைய ஜனநாயகம் நாங்கள்தான் என்று இலங்கையில் சொல்வார்கள், ஆதாரமும் இருக்கிறது. டொனமூர் சீர்திருத்தத்தின்படி 1931இல் அங்கே ஆண் பெண் அனைவருக்கும் வாக்கு வந்தது. பிரான்ஸில் பெண்களுக்கு அது கிடைக்க 1944 ஆயிற்று. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சுயராஜ்யம் போதவில்லை என்று அந்த முதல் தேர்தலையே புறக்கணித்தது. 1947 தேர்தலில் மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டத்திருத்தம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களாயினர். 1952 தேர்தலில் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல் வந்தது. இத்தனைக்கும் நாடாளுமன்றம் ஒருநாளும் மூடவில்லை, தேர்தல்கள் நடந்தன, ஆட்சிகள் வாக்குப்பெட்டியால் மாறின. தொடர்ச்சி அறுபடாத ஒரு ஜனநாயகத்துக்குள்ளேயே ஒரு பகுதி மக்களுக்கு மட்டும் சர்வீஸ் பிரேக் விழ முடியும் என்பதை மலையகம் காட்டியது.

பழமையை எப்படிக் கையாள்வது என்று என்னைவிட நன்றாகச் சொல்லிப்போனவர் அம்பேத்கர். 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை முன்வைத்தபோது, கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களை அவர் விடவில்லை. அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் கிராமம் என்று அடித்துச் சொன்னார். அதே மாதம் 22ஆம் தேதி, ஊராட்சிகளை அரசமைப்பில் சேர்க்கும் திருத்தத்தைத் தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம் கொண்டுவந்தபோது மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். ஓர் ஆண்டு கழித்து, 1949 நவம்பர் 25 அன்று, பண்டைய இந்தியாவில் நாடாளுமன்ற முறை இருந்தது என்று அவரே எடுத்துச் சொன்னார். பௌத்த பிக்கு சங்கங்களில் இருக்கை ஒழுங்கு, தீர்மானம், குறைந்தபட்ச வருகை, இரகசிய வாக்கு எல்லாம் இருந்தன என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெருமையில் நிமிர்ந்திருக்கக்கூடும். உடனே அதைத் தலைகீழாக்கினார்: அந்த முறையை இந்தியா இழந்துவிட்டது, இரண்டாவது முறையும் இழக்குமா என்று கேட்டார்.

பழமையைப் பயன்படுத்த இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. நம்மிடம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது என்ற வாக்கியத்தை, ஆகவே அது பத்திரமாக இருக்கிறது என்று முடிக்கலாம். ஆகவே அது ஒருமுறை கைநழுவிப் போயிருக்கிறது என்றும் முடிக்கலாம். உத்திரமேரூர்ச் சபை எந்த ஆண்டில் கடைசியாகக் குடத்தைத் தூக்கிக் காட்டியது? அப்புறம் ஏன் தூக்கவில்லை? அதைப் பற்றிச் சுவரில் ஒரு கல்வெட்டும் இல்லை. தொடங்கியதைக் கல்லில் வெட்டுவார்கள், நின்றுபோனதை வெட்டமாட்டார்கள். சென்னை மாநகராட்சியின் 1688ஐ எல்லோரும் சொல்கிறார்கள். 1973க்கு ஒரு பலகை கிடையாது.

ஒரு ஜனநாயகத்தின் வயதைக் கடைசியாக விட்டுப்போன நாளிலிருந்து எண்ணலாம் என்பது என் யோசனை. கடைசியாக உள்ளே வந்தவர் எப்போது வந்தார், கடைசியாக எப்போது கதவு சாத்தியிருந்தது, இந்த இரண்டில் எது பிந்தியதோ அதுவே பிறந்த தேதி. இப்படி எண்ணினால் எந்த நாடும் கிழடாக இருக்காது, பெரும்பாலானவை நம் பெற்றோரைவிட இளையவை, சில நம் பிள்ளைகளைவிட இளையவை. ஜனநாயகத்தின் தாய் என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்ளவேண்டிய கட்டாயமும் வரும்.

அந்தக் கணக்கில் நான் வசிக்கும் வார்டின் ஜனநாயகம் 2022இல் பிறந்தது. இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்துவிடவேண்டும் என்று அரசமைப்பின் 243-யு பிரிவு சொல்கிறது. 2016இலும் அந்தப் பிரிவு அங்கேயேதான் இருந்தது.